மூன்று மீட்டர் தரையில் பாதி கோல்ஃப்

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. கோல்ஃப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட அன்று காலை டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃபின் கடைசிச் சுற்று. உலகத் தரவரிசையில் 200ஆவது இடத்தில் இருந்த பெங்களூரு பெண் அதிதி அசோக், உலகின் முதல்நிலை வீராங்கனைகளோடு சரிக்குச் சரி நின்றுகொண்டிருந்தார். நான்கு சுற்றும் முடிந்தபோது அவர் கணக்கு 269 அடி. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதிய இருவர் கணக்கு 268. ஒரே ஓர் அடியில் பதக்கம் கைநழுவியது.

பதக்கம் போன கதையைத்தான் ஊரே பேசியது. அந்த இடம்வரை அவர் எப்படி வந்தார் என்பதை அதிகம் பேர் பேசவில்லை. பந்தைத் தூரமாக அடிப்பதில் அதிதி அந்தக் களத்தின் கடைசி வரிசையில் இருந்தவர். முதல் அடியில் மற்றவர்கள் பந்து எங்கோ போய் விழும். அவருடையது பின்தங்கி நிற்கும். அந்த இடைவெளியை அவர் குழிக்குப் பக்கத்தில் ஈடுகட்டினார். குழியைச் சுற்றியுள்ள, ஒட்ட வெட்டிய புல்தரைக்கு கிரீன் என்று பெயர். அங்கே பந்தைத் தூக்கி அடிப்பதில்லை, உருட்டிவிடுவார்கள். அதுதான் பட்டிங். அந்த வேலையில் அதிதியை மிஞ்ச உலகில் வெகு சிலரே உண்டு.

அவர் விளையாட்டுக்குள் வந்த கதையும் சுவையானது. ஐந்து வயதில், பெற்றோரோடு காலைச் சிற்றுண்டிக்குப் போகும் உணவகத்திலிருந்து கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானம் தெரியும். வேடிக்கை பார்த்த குடும்பம் ஒருநாள் உள்ளே போனது. வீட்டில் அதற்கு முன் யாரும் கோல்ஃப் ஆடியதில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அப்பாதான் மகளின் பையைத் தூக்கினார், டோக்கியோவில் அம்மா.

அதே மைதானத்தில் பிறருடைய பையைத் தூக்கும் கேடியாக இருந்தவர் சின்னசாமி முனியப்பா. 2009இல் இந்தியன் ஓபன் பட்டத்தை, சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் வென்றார். அதற்கும் முன்னால், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991, 1993 என இருமுறை அதே பட்டத்தை வென்றிருக்கிறார். பணக்காரர் விளையாட்டு என்று முத்திரை குத்தப்பட்ட ஒன்றின் உச்சிக்கு இவர்கள் ஏறியிருக்கிறார்கள். வசதி இல்லாதவருக்கு இந்த விளையாட்டில் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று யோசித்தால், பெரிய இடம் கேட்காத பட்டிங் பக்கம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

சென்னைக்குத் தெற்கே உள்ள பொத்தேரியிலிருந்து பார்த்தால் கோல்ஃப் ரொம்ப தூரத்து விஷயம். ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல், மின்சார ரயிலிலிருந்து கூட்டங்கூட்டமாக இறங்கும் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள், மாலையானால் நிரம்பி வழியும் சாப்பாட்டுக் கடைகள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை மைதானம் என்றால் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது கிரிக்கெட்டும் கால்பந்தும்தான். ரயிலேறி சைதாப்பேட்டையில் இறங்கினால் பக்கத்தில் நந்தனம். அங்கே 18 குழி கொண்ட காஸ்மோ கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அதன் பின்னால் நிற்கும் காஸ்மாபாலிட்டன் கிளப் 1873இல் தொடங்கியது. கிண்டியில் பந்தயக் குதிரைகள் ஓடிய தடத்துக்கு நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் நெடுங்காலம் இருந்தது. 2024 செப்டம்பரில் பந்தய மைதான நிலத்தைத் தமிழக அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. ஆக, ஒரு கோடி பேர் வாழும் பெருநகரில் கோல்ஃபுக்கான தரை விரல்விட்டு எண்ணக்கூடியது. அதிலும் பெரும்பகுதி கிளப் சுவர்களுக்கு உள்ளே.

முழு மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். சென்னை அதைத் தராது, தரவும் வேண்டாம். ஆனால் விளையாட்டின் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 18 குழிக்கு 72 அடி என்பது வழக்கமான இலக்கு. ஒவ்வொரு கிரீனிலும் இரண்டு பட் என்று வைத்துத்தான் அந்த 72 போடப்படுகிறது. அதாவது 36 அடி உருட்டுவதற்கு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 29 பட் போடுகிறார்கள். சாதாரண ஆட்டக்காரருக்கு இன்னும் கூடும். இந்தப் பாதிக்கு நூறு ஏக்கர் வேண்டாம். ஒரு ஹாஸ்டல் வராந்தா போதும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் பெண்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ், கோல்ஃபின் தாய்வீடு. 1867இல் அங்கிருந்த பெண்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கினார்கள். தோளுக்கு மேல் மட்டையை ஓங்கி வீசுவது பெண்ணுக்கு அழகில்லை என்று கருதிய காலம் அது. அவர்களுக்காகப் பெரிய மைதானத்தின் ஓரத்தில், மேடும் பள்ளமுமான ஒரு துண்டு நிலத்தை பட்டிங்குக்கு மட்டும் ஒதுக்கினார்கள். அந்த மேடுபள்ளத்தைப் பார்த்து அதற்கு 'ஹிமாலயாஸ்' என்று பெயர் விழுந்தது. ஓரங்கட்டுவதற்காகக் கொடுத்த நிலம் அது. 150 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறது. வெளியூர்க்காரரும் சிறு கட்டணம் கட்டி, பட்டிங் மட்டையும் பந்தும் வாங்கிக்கொண்டு ஆடலாம். குழந்தையும் பாட்டியும் ஒரே வரிசையில் நிற்கும் இடம்.

அங்கிருந்து மினி கோல்ஃபுக்கு வழி நீள்கிறது. புல் வளர்ப்பதுதான் தொல்லை என்பதால், 1922இல் தாமஸ் ஃபேர்பெர்ன் என்பவர் பருத்திக்கொட்டை உமியோடு மணல், எண்ணெய், சாயம் கலந்து இறுக்கி செயற்கைத் தரை செய்தார். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லுக்அவுட் மலையில் கார்னெட் கார்ட்டர் 'டாம் தம்ப்' என்ற பெயரில் குட்டி மைதானம் போட, அது நாடெங்கும் பரவியது. 1930 வாக்கில் கட்டட மொட்டைமாடிகளில்கூட மினி கோல்ஃப் முளைத்திருந்தது. இந்தியாவிலும் இதே மாதிரி ஒரு கைவைத்தியம் உண்டு. தண்ணீர் இல்லாத ஊர்களிலும் பல ராணுவ மைதானங்களிலும் புல்லுக்குப் பதிலாக மணலில் எண்ணெய் கலந்து சமன்செய்த தரையில் ஆடினார்கள். பச்சையாக இல்லாததால் அதை 'பிரவுன்' என்பார்கள். ஒருவர் ஆடி முடித்ததும் கால்தடத்தை இழுத்துச் சமப்படுத்திவிட்டுத்தான் அடுத்தவர் ஆட வேண்டும்.

ஐரோப்பா மினி கோல்ஃபைப் பொழுதுபோக்கோடு நிறுத்தவில்லை. சுவிட்சர்லாந்தின் பால் பொங்னி 1950களில் எந்த ஊரிலும் ஒரே மாதிரி அமையும்படி 18 தடங்களை வகுத்துக் கொடுத்தார். கான்கிரீட் தடம் வழக்கமாக 12 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம். ஒரு தடத்தில் அதிகபட்சம் ஆறு முறை அடிக்கலாம். அதற்குள் குழியில் விழாவிட்டால் ஏழு என்று எழுதிக்கொண்டு நகர வேண்டும். போட்டிக்கு வருபவர்கள் பெட்டி நிறையப் பந்துகளோடு வருவார்கள். எம்பி எழும் பந்து, எழாத பந்து, கனமானது, லேசானது என்று தடத்துக்கு ஒன்று. வெயிலில் பந்து சூடானால் எழும்பும் அளவு மாறும் என்பதால் பந்தின் சூட்டைக்கூடக் கவனிப்பார்கள். 2023இல் கோவாவில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் மினி கோல்ஃபும் இடம்பெற்றது. பூங்காவில் குழந்தைகள் காற்றாலைக்கு அடியில் பந்தைத் தள்ளும் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

சரி, மினி கோல்ஃப் ஆடினால் உண்மையான கிரீனில் கை தேறுமா? ஒரு பாதி தேறும்; மறு பாதியைக் கெடுக்கவும் கூடும்.

தேறும் பாதி, நேர்கோடு. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் மட்டையின் முகம்தான் தீர்மானிக்கிறது. கை எந்தப் பாதையில் வீசினாலும், மோதும் கணத்தில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் பந்து போகும். கோல்ஃப் குழியின் குறுக்களவு 10.8 சென்டிமீட்டர். மூன்று மீட்டர் தள்ளி நின்று பந்தை உருட்டும்போது மட்டை முகம் ஒரே ஒரு டிகிரி திரும்பினாலும், குழியை எட்டும்போது பந்து 5.2 சென்டிமீட்டர் விலகியிருக்கும். குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கு 5.4 சென்டிமீட்டர். அதாவது மூன்று மீட்டருக்கு ஒரு டிகிரிதான் மொத்தச் சலுகை. ஆறு மீட்டருக்கு அரை டிகிரி. கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வது ஆறு டிகிரி. அதில் ஆறில் ஒரு பங்குக்குள் கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதை நினைத்தால், டி.வி.யில் ஒருவர் மூன்று மீட்டர் பட்டைத் தவறவிடும்போது திட்ட மனம் வராது.

இதைப் பழக இரண்டு தீப்பெட்டி போதும். பந்துக்கு அரை மீட்டர் முன்னால், நடுவில் 6 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டையும் வாசல் போல நிறுத்த வேண்டும். பந்தின் குறுக்களவு 4.27 சென்டிமீட்டர். அந்த வாசலில் இடிக்காமல் நுழைகிற பந்து ஒரு டிகிரிக்குள் கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்கேலும் தீப்பெட்டியும் வைத்து ஹாஸ்டல் அறையிலேயே அளந்துவிடலாம். டைகர் வுட்ஸ் இதே வகைப் பயிற்சியை மட்டையின் இரு முனைக்கும் பக்கத்தில் பந்தை ஏற்றிவைக்கும் டீ குச்சிகள் இரண்டை நட்டுச் செய்வார். மட்டை குச்சியில் படாமல் நடுவே போய்வர வேண்டும். வலது கை மட்டும் பிடித்தும் உருட்டிப் பார்ப்பார். உலகின் முதல் இடத்தில் இருந்தபோதும் போட்டிக்கு முன் அவர் செய்துவந்த வேலை இது.

மினி கோல்ஃப் தடத்தில் இந்த நேர்கோடு நன்றாகவே பழகும். பக்கப் பலகையில் எந்தக் கோணத்தில் மோதினால் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்கும்போது, குறிவைத்த இடத்துக்குப் பந்தை அனுப்பும் ஒழுங்கு கைக்கு வருகிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: ஒவ்வொரு அடியும் கணக்கில் ஏறுகிறது, பக்கத்தில் நண்பர்கள் நிற்கிறார்கள். தனியே பத்து பந்தை உருட்டும்போது வராத படபடப்பு அங்கே வரும். அந்தப் படபடப்போடு பழகுவது வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

கெடுக்கும் பாதி, வேகம். மினி கோல்ஃப் தடத்தின் முடிவில் பலகை இருக்கிறது. ஓங்கித் தட்டினாலும் பந்து மோதித் திரும்பிக் குழிப் பக்கம் வந்துவிடும். உண்மையான கிரீனில் அப்படி யாரும் தடுத்து அனுப்ப மாட்டார்கள். பந்து நாலு மீட்டர் தாண்டிப் போய் நிற்கும். பந்து குழிக்குள் விழுவதற்கே ஒரு கணக்கு இருக்கிறது. குழியைக் கடக்கும் நேரத்துக்குள் அது தன் உயரத்தில் பாதியாவது கீழே இறங்க வேண்டும். அதற்கு வினாடியில் சுமார் 15இல் ஒரு பங்கு தேவை. நடுவாகப் போகும் பந்துகூட வினாடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் வேகமாக வந்தால் அந்த நேரம் கிடைக்காது; பின்விளிம்பில் இடித்து விழுந்தால்தான் உண்டு. ஓரமாகப் போகும் பந்து இன்னும் மெதுவாகப் போக வேண்டும். வேகம் கூடக்கூடக் குழி சுருங்குகிறது என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான். நாசாவில் விஞ்ஞானியாக இருந்து கோல்ஃப் ஆய்வுக்கு வந்த டேவ் பெல்ஸ், தவறினால் குழியைத் தாண்டி 17 அங்குலத்தில், அதாவது ஏறக்குறைய 43 சென்டிமீட்டரில், நிற்கிற வேகமே சரியானது என்று கணக்கிட்டார்.

வீட்டில் பழகுபவர்களும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கடையில் விற்கும் பட்டிங் விரிப்பில் முடிவில் ஒரு மேடு, அதில் ஒரு குழி, பந்து தானே திரும்பி வர ஒரு தடம். மேட்டில் ஏற்றுவதற்காகக் கை தானாகவே கூடுதல் பலம் கொடுக்கப் பழகிவிடும். அதற்குப் பதில் சமதரையில் ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்து, நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளரை நிறுத்தி, அதற்கு இரண்டு ஜாண் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போடலாம். டம்ளரில் படாத பந்து டம்ளரைத் தாண்ட வேண்டும், துண்டைத் தொடக் கூடாது. டம்ளர் குழியைவிடச் சின்னது. இதில் கை பழகியவருக்கு உண்மையான குழி விசாலமாகத் தெரியும். வெறும் டைல்ஸ் தரையிலோ மொசைக்கிலோ உருட்டுவதில் வேகம் பழகாது, தொட்டாலே ஓடும்.

ஒரே இடத்தில் நின்று ஐம்பது பந்து உருட்டுவதைவிட, ஒவ்வொரு பந்தையும் வேறு தூரத்திலிருந்து உருட்டுவது நல்லது. ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இருவர் 1979இல் செய்த ஆய்வு உடற்கல்வியில் இன்றும் சொல்லப்படுகிறது. ஒன்றையே திரும்பத்திரும்பச் செய்பவர் பயிற்சியின்போது கெட்டிக்காரராகத் தெரிகிறார். மாற்றி மாற்றிச் செய்பவர் அப்போது திணறுகிறார், ஆனால் சில நாள் கழித்துச் சோதித்தால் அவருக்குத்தான் நன்றாக நினைவில் நிற்கிறது. கண் விஷயத்தில் கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் கண்டது இன்னும் சுவையானது. தேர்ந்த ஆட்டக்காரர்களின் பார்வை அடிப்பதற்கு முன் ஓரிரண்டு வினாடிகள் பந்தின் மீது அசையாமல் நிற்கிறது. பந்து கிளம்பிய பிறகும் ஒரு கணம் அந்த இடத்திலேயே இருக்கிறது. புதிதாக வருபவரின் கண் பந்துக்கும் குழிக்கும் அலைபாய்கிறது. ஜமுக்காளத்தில் பந்தை உருட்டிவிட்டு, டம்ளரில் பட்டதா என்று காதால் மட்டும் கேட்டுப் பழகினால் தலை தூக்கும் பழக்கம் போகும்.

விரிப்பும் மினி கோல்ஃபும் சொல்லித்தர முடியாத பாடம் ஒன்று உண்டு. அது புல். வெப்ப நாடுகளின் கிரீன்களில் பெரும்பாலும் வளர்வது பெர்மூடா புல் வகை. அதன் மூலத் தாவரம் பிள்ளையாருக்கு மாலையாகச் சாத்தும் நம் அருகம்புல்லேதான். அதை ஆப்பிரிக்கப் புல் ஒன்றோடு இனக்கலப்பு செய்து, சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டினாலும் தாங்கும் ரகங்களை உருவாக்கினார்கள். வீட்டு முற்றத்து அருகம்புல் தரையோடு படர்ந்து ஒரு பக்கமாகக் கொடி ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு கிரீனின் ரகசியம் பாதி புரிந்துவிடும். அந்தச் சாய்வு கிரீனிலும் உண்டு. புல் சாய்ந்த பக்கமாக உருளும் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். எதிர்ப் பக்கமாக உருளும் பந்து சீக்கிரம் ஓய்ந்துவிடும். நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது புல் பளபளத்தால் அது நமக்கு அப்பால் சாய்ந்திருக்கிறது. மங்கலாக, கரும்பச்சையாகத் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. குழியின் விளிம்பையும் உற்றுப் பார்க்கலாம். ஒரு பக்கம் சுத்தமாக வெட்டினாற்போல் இருக்கும்; மறு பக்கம் வேர் அறுந்து காய்ந்து பிய்ந்திருக்கும். பிய்ந்த பக்கம்தான் புல் ஓடும் பக்கம்.

தரையின் சாய்வைக் கண்டுபிடிக்க மைதானத்துக்காரர்கள் எளிய வழி சொல்வார்கள்: ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசி. ஒவ்வொரு ஐப்பசியிலும் தெருத்தண்ணீர் எந்த வீட்டு வாசலுக்குப் போகும் என்று கணக்குப் போட்டுப் பழகிய தென்சென்னைக்காரருக்கு இது புதிய வித்தை அல்ல. மார்கழிப் பனியில் காலையில் பந்து மெதுவாகப் போவதும், புல் காய்ந்த பிற்பகலில் அதே பட் ஓட்டமெடுப்பதும் போய் ஆடினால்தான் தெரியும். கிரீனின் வேகத்தை அளக்கும் கருவியும் மிக எளிமையானது. எட்வர்டு ஸ்டிம்ப்சன் 1935இல் யோசித்து, 1978இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் மைதானங்களுக்குக் கொடுத்த சாய்தடம் அது: இரண்டு முழ நீளமான அலுமினியப் பட்டை, நடுவில் பள்ளம். அதன் ஒரு முனையை மெல்ல உயர்த்தினால் பந்து தானே உருண்டு இறங்கும். எத்தனை அடி தூரம் ஓடி நிற்கிறதோ அதுதான் கிரீனின் வேகம். பழைய ஜன்னல் சட்டம் ஒன்றை வைத்து ஹாஸ்டல் ஜமுக்காளத்தையும் இப்படி அளந்து, பிறகு கிரீனில் அளந்து ஒப்பிடலாம்.

கை வித்தையைக் கற்க வழி இருக்கிறது. நிற்கத்தான் பொது இடம் இல்லை. பூங்காக்களில் இறகுப்பந்துக்கும் ஸ்கேட்டிங்குக்கும் உடற்பயிற்சிக் கருவிகளுக்கும் இடம் ஒதுக்குகிறோம். ஒரு கிரவுண்டு நிலத்தில், அதாவது 2,400 சதுர அடியில், ஆறு குழி கொண்ட பட்டிங் தரை தாராளமாக அடங்கும். தாம்பரம் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், பொத்தேரி போன்ற கல்லூரி ஊர்களின் வளாகங்களில், கிண்டியில் மீட்கப்பட்ட நிலத்தின் ஒரு மூலையில் இப்படி ஒன்று வந்தால் நன்றாக இருக்கும். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. அருகம்புல் கிரீனுக்குத் தண்ணீர் கேட்க மனம் வராது என்றால் செயற்கைத் தரை போடலாம். ஓட வேண்டியதில்லை, மூச்சு வாங்காது, முழங்கால் வலிக்காரரும் ஆடலாம், பேத்தி தாத்தாவை ஜெயிக்கலாம். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒன்றரை நூற்றாண்டாக நடப்பது இதுதான்.

அதுவரை வராந்தாவில் பழகியவர் முதல்முறையாக ஒரு கிரீனில் கால்வைக்கும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எடுத்ததுமே குழியைக் குறிவைக்க வேண்டாம். மூன்று பந்தை எடுத்துக்கொண்டு, கிரீனின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, விளிம்பைத் தொட்டு நிற்கும்படி உருட்ட வேண்டும். பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து அதையே செய்ய வேண்டும். போகும்போதும் திரும்பும்போதும் தூரம் எவ்வளவு மாறுகிறது என்பதிலேயே அன்றைய சாய்வும் புல்லின் போக்கும் தெரிந்துவிடும். குழிப் பக்கம் அதற்குப் பிறகு போகலாம். முதலில் ஒரு மீட்டரிலிருந்து.